காலில் போட்டுக் குளிப்பாட்டுவதா, டப்பில் விடுவதா?

கேள்வி இது: மகள் பிறந்து 11 நாள் ஆகிறது. பிறந்தபோது எடை 2 கிலோ 800 கிராம். தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. தெருவில் பிள்ளைகளுக்கெல்லாம் குளிப்பாட்டிவிடும் ஒரு பாட்டியை மாமியார் ஏற்பாடு செய்திருக்கிறார். அவர் குழந்தையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றுவாராம், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவாராம், கடைசியில் சாம்பிராணி காட்டுவாராம். கணவரோ பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். எது பாதுகாப்பு?

முதலில் உங்கள் பயத்தில் பாதியைக் குறைத்துவிடுகிறேன். காலில் போட்டுக் குளிப்பாட்டுவதில் தப்பே இல்லை. பச்சிளம் குழந்தைகள் வார்டில் 27 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். என் இரண்டு பிள்ளைகளும் மூன்று பேரப்பிள்ளைகளும் என் காலில் கிடந்து குளித்தவர்கள்தாம். குளிப்பாட்டப் போய் வினையாகி எங்கள் வார்டுக்கு வந்த குழந்தைகளை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர்கூடக் காலில் படுத்ததால் வந்தவர் அல்ல. மூக்கில் விட்ட எண்ணெய், பிழிந்துவிட்ட மார்பு, தொண்டைக்குள் நுழைந்த விரல், தொட்டுப் பார்க்காமல் ஊற்றிய வெந்நீர், ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று எழுந்துபோன அரை நிமிடம் ஆகியவைதான் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. ஆகவே காலா, டப்பில் விடுவதா என்பது சின்னக் கேள்வி. அதைச் சுற்றி நடக்கும் மற்ற காரியங்கள்தான் பெரிய கேள்வி.

கொடி விழவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இந்த வாரம் இரண்டுமே வேண்டாம், துடைத்துவிட்டால் போதும். கொடி பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்துக்குள் காய்ந்து, கறுத்து, சுருங்கித் தானாக விழுந்துவிடும். அதுவரை அதை ஈரம் தங்காமல் காற்றுப் படும்படி விட்டுவைப்பதே வைத்தியம். இடுப்புத் துணியைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். மஞ்சள், விபூதி, எண்ணெய், பவுடர், வசம்புக் கரி எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். சாணத்தையும் சாம்பலையும் அப்பி, பால் குடிக்க வாய் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொண்டு குழந்தைகள் இறந்த காலம் நம் பாட்டிமாருக்கு நன்றாக நினைவிருக்கும். கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் அந்த டெட்டனஸை விரட்டின. 2015-இல்தான் இந்தியா அதை ஒழித்ததாக உறுதி செய்யப்பட்டது. ஒழித்தது என்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் 1,000 பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது என்று பொருள். கிருமி இன்னும் மண்ணிலும் சாணத்திலும் இருக்கத்தான் செய்கிறது.

துடைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முகத்தில் தொடங்கி இடுப்பில் முடியுங்கள். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒரு கண்ணுக்குத் தொட்ட பஞ்சை மறு கண்ணுக்குத் தொடாதீர்கள். குழந்தையை முழுவதும் அவிழ்த்துப் போட்டுவிட்டுத் துடைக்கக்கூடாது. ஒரு கையை வெளியே எடுத்துத் துடைத்து, ஒற்றி, துணிக்குள் வைத்துவிட்டு அடுத்த கையை எடுங்கள். பெண் குழந்தை என்பதால் கீழே துடைக்கும்போது முன்னாலிருந்து பின்னால் மட்டுமே துடையுங்கள். அங்கே வெள்ளையாகக் கொஞ்சம் படிந்திருக்கும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. முதல் வாரத்தில் ஒன்றிரண்டு துளி ரத்தம்கூடப் பட்டிருக்கலாம். உங்கள் உடம்பிலிருந்து அவளுக்குப் போன ஹார்மோன் குறையும்போது அப்படி வரும். எத்தனையோ அம்மாக்கள் அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு அழுதபடி ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் குளிப்பாட்டவில்லை என்று உங்கள் மாமியாருக்குக் குறை இருந்தால், அது வேண்டுமென்றே செய்தது என்று சொல்லுங்கள். முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரையில் இருக்கிறது. பிறக்கும்போது உடம்பில் வெண்ணெய்போல ஒட்டியிருக்கும் பூச்சு அழுக்கு அல்ல, தோலுக்கான கவசம். உடனே குளிப்பாட்டினால் அதுவும் போகும், உடம்புச் சூடும் போகும். பச்சைக் குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு மிக அதிகம், தலையும் பெரிது. நம்மைப்போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இது இரட்டிப்பு ஆபத்து. அவர்களுக்கு டாக்டர் சொல்லும்வரை துடைத்துவிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தக் கவலை இல்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை தண்ணீருக்குள் இருக்கும்போது குளிர்வதைவிட, வெளியே எடுத்து ஈரம் காயும்போதுதான் அதிகம் குளிரும். அதனால் சோப்புத் தேடுவது, துண்டு தேடுவது, சட்டை தேடுவது எல்லாம் குழந்தையை அவிழ்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துங்கள். வெயில் ஏறிய பிறகு, காலை பத்து, பதினொரு மணிவாக்கில் ஊற்றுவது நல்லது. அடைமழைக் காலத்தில் ஒருநாள் ஊற்றாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. வாரத்தில் இரண்டு மூன்று குளியல் போதும் என்பதுதான் மருத்துவக் கணக்கு. நம் ஊர் வெக்கையில் தினமும் ஊற்றினாலும் குற்றமில்லை, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி வெந்நீர். ‘நல்ல சூடாக ஊற்றினால்தான் பிள்ளைக்கு உடம்பு வலி போகும், அசந்து தூங்கும்’ என்பார்கள். அசந்து தூங்குவது சூட்டால் அல்ல. குளித்த களைப்பும் வயிறு நிறையக் குடித்த பாலும்தான் தூங்க வைக்கின்றன. குழந்தைக்கு வேண்டிய சூடு 37, 38 டிகிரி செல்சியஸ், அதாவது நம் உடம்புச் சூடு. பாட்டியின் உள்ளங்கையை நம்பாதீர்கள். கல்லில் கிடக்கும் தோசையைக் கையாலேயே திருப்பிப் போட்ட கைக்கு இந்தச் சூடு சூடாகவே தெரியாது. முழங்கையை முக்கிப் பாருங்கள், அல்லது மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. 60 டிகிரி நீர் பெரியவர்கள் தோலையே சில விநாடிகளில் வேக வைத்துவிடும். குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது. கீசரில் வரும் நீர் சுலபமாக அந்தச் சூட்டைத் தொடும்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். வெந்நீரை முதலில் ஊற்றி வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்பும் அந்த நொடியில்தான், தவழ்கிற மூத்த பிள்ளை வந்து வாளிக்குள் கையை விடும். கையால் கலக்கிவிட்டுப் பாருங்கள், மேலே இதமாகவும் கீழே கொதித்துக்கொண்டும் இருக்கலாம். ஆறிப்போய்விட்டது என்று நடுவில் வெந்நீர் சேர்ப்பதானால், குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

என் கதை ஒன்று. மூத்தவனுக்கு அப்போது மூன்று மாதம். வழக்கம்போலக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன், அவன் காலில் கிடந்தான். வலப்பக்கம் கலந்த நீர், இடப்பக்கம் கொதிநீர்ப் பாத்திரம். வேண்டும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்திலேயே வைத்திருந்தேன். சொம்புக்குக் கை நீட்டியபோது முந்தானை அந்தப் பாத்திரத்தின் விளிம்பில் மாட்டி இழுத்தது. பாத்திரம் வெளிப்பக்கமாகச் சரிந்ததால் என் கணுக்கால் மட்டும் வெந்தது. உள்பக்கமாகச் சரிந்திருந்தால் அவன் தலை அங்கேதான் இருந்தது. செவிலியராகி நான்கு ஆண்டுகள் கழித்து நடந்தது இது, படித்ததெல்லாம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அன்று முதல் என் வீட்டில் குளியலறைக்குள் ஒரே வாளிதான், அதுவும் கலந்து, பார்த்து, கொண்டுவந்த வாளி. முந்தானையை இடுப்பில் செருகாமல் உட்காருவதும் இல்லை.

வாளிக்குள் ஹீட்டர் கம்பி போட்டு நீர் காய்ச்சும் வீடாக இருந்தால், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கம்பியை வெளியே எடுத்த பிறகுதான் விரல் நுனிகூடத் தண்ணீரில் படலாம். கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையோடு அதற்குள் இருக்காதீர்கள். அது வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றோட்டம் இல்லாத அறையில் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். வெந்நீரைப் பிடித்துக்கொண்டு வேறு அறைக்கு வந்துவிடுங்கள்.

காலில் போடுவதை எப்படிச் செய்வது என்று கேட்டால், இப்படித்தான். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கழுவிவிட்டு, வழுக்காத விரிப்பைப் போட்டுச் சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். உயரமான மணை வேண்டாம். மணை உயர்ந்தால் கால் சரியும், குழந்தையின் தலை தாழ்ந்துபோகும். இரண்டு காலையும் ஒட்ட நீட்டிப் பாதங்களை நிமிர்த்தி வைத்தால் அதுவே தலைக்கு அணை. முழங்காலுக்குக் கீழே, தலை உங்கள் பாதத்தின் பக்கம் இருக்க, மல்லாக்கப் படுக்க வையுங்கள். மார்பின்மேல் மெல்லிய துணி ஒன்றைப் போட்டு அதன்மேல் முதல் சொம்பை ஊற்றுங்கள். வெற்று உடம்பில் தண்ணீர் பட்டதும் கையையும் காலையும் உதறித் திடுக்கிடுவதை அந்தத் துணி அடக்கிவிடும். சொம்பு சின்னதாக இருக்கட்டும், ஒரு சாண் உயரத்துக்கு மேலிருந்து ஊற்ற வேண்டாம். அருவியில் நிற்க வைப்பதுபோல உயரத்திலிருந்து ஊற்றும் பாட்டிகள் உண்டு. தண்ணீர் மூக்கில் அடித்துக் குழந்தைக்கு மூச்சு முட்டுவதைத்தான் அவர்கள் ‘அழுதால் நுரையீரல் விரியும்’ என்று சொல்லிக்கொள்வார்கள்.

முதுகுக்கு ஊற்றக் குப்புறப் போடும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். முகம் இரண்டு காலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் புதையக்கூடாது; ஒருபக்கமாகத் திரும்பி, மூக்கும் வாயும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வடிகாலில் துணி அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்து நிற்கும் வரை நான் குப்புறப் போட்டதில்லை. இடது முன்கையில் நெஞ்சைத் தாங்கி, தாடையை விரலில் ஏந்தி, கொஞ்சம் சாய்த்துப் பிடித்து முதுகுக்கு ஊற்றினேன். தலைக்குக் கடைசியில்தான். தலை நனைந்துவிட்டால் குளிர் ஏறும், நேரமும் குறைவு. இடக்கையை நெற்றியில் கூரைபோல வளைத்து வைத்து உச்சியிலிருந்து பின்பக்கமாக ஊற்றினால் ஒரு சொட்டும் கண்ணில் இறங்காது. இந்தக் கைவளைவு பாட்டிகளுக்கு அற்புதமாக வரும், அருகில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்ளுங்கள். உச்சிக்குழியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதற்குள் இருக்கும் சவ்வு உறுதியானது, தண்ணீர் உள்ளே போகாது. அழுத்தித் தேய்க்காமல் இருந்தால் போதும். ஒன்று, ஒன்றரை வயதுக்குள் அது மூடிக்கொள்ளும்.

எடுத்ததும் பழைய பருத்தி வேட்டியிலோ துண்டிலோ தலையோடு சேர்த்துச் சுற்றுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நம் குழந்தைகளுக்குக் கழுத்து மடிப்பும் தொடை மடிப்பும் ஆழம், வழிந்த பால் கழுத்துக்குள் போய்த் தயிர்போலப் புளித்துக் கிடக்கும். ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, ஈரத்தை ஒற்றி எடுங்கள். அங்கே பவுடர் கொட்டினால் ஈரத்தோடு சேர்ந்து பசையாகும். பறக்கும் தூள் மூக்குக்குள்ளும் போகும். பவுடர் டப்பா குழந்தைக்குத் தேவையே இல்லாத பொருள் என்பது என் கருத்து. வாசனை பிடித்திருந்தால் அம்மா போட்டுக்கொள்ளலாம்.

இனி மூக்கெண்ணெய். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு மாதக் குழந்தை ஒன்று எங்களிடம் வந்தது. வாரக்கணக்காக இருமல், பால் குடிக்கும்போது இரைப்பு. நிமோனியாவுக்கான ஊசி மருந்து போட்டும் எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளைத் திட்டு கரையவில்லை. டாக்டர் அந்த அம்மாவிடம் வேறு எதையும் கேட்கவில்லை, ‘குளித்ததும் என்ன செய்வீர்கள்?’ என்று மட்டும் கேட்டார். ‘ஒன்றும் இல்லை சார், எல்லாரும் செய்வதுதான். மூக்கில் ரெண்டு சொட்டு எண்ணெய்’ என்றார் அவர். தண்ணீர் மூச்சுக்குழலில் போனால் குழந்தை இருமித் துப்பிவிடும். எண்ணெய் வழவழப்பாக, இருமலைக்கூட எழுப்பாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே அதைக் கரைக்க உடம்பால் முடியாது. எண்ணெயால் வரும் இந்த நிமோனியாவை எந்த ஆன்டிபயாடிக்காலும் கரைக்க முடியாது. மூக்கு அடைத்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன அளவில் விடலாம். காதிலும் எண்ணெய் வேண்டாம், காதுக்குள் குச்சியும் வேண்டாம். வெளிமடலைத் துணியால் ஒற்றினால் போதும்.

ஊதுவதும் அப்படித்தான். பெரியவர் வாயிலிருக்கும் கிருமி நேரே குழந்தையின் மூக்குக்குப் போகிறது. கோழை எடுப்பதாகச் சொல்லி வாய்க்குள் விரலை விடுவது அதைவிட மோசம். அண்ணத்தில் நகம் கீறிப் புண்ணாகி, பால் குடிக்க மறுத்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். பிறந்த குழந்தைகளுக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு கொஞ்சம் வீங்கி ஒரு சொட்டுப் பால்கூட வரலாம். இதுவும் தாயின் ஹார்மோன் வேலைதான், சில வாரங்களில் தானாக வற்றிவிடும். ‘பிழிந்துவிடாவிட்டால் பின்னால் கட்டியாகும்’ என்று சொல்லிப் பிழிவார்கள். பிழிந்தால்தான் கட்டியாகும். சீழ் வைத்து, அந்த இத்தனூண்டு மார்பைக் கீறி எடுக்க வேண்டி வந்ததுண்டு. பெண் குழந்தைக்கு அது பிற்காலத்தில் மார்பு வளர்ச்சியையே பாதிக்கலாம். மூக்கை எடுப்பாக்க நீவுவதும் தலையை உருண்டையாக்க அழுத்துவதும் பயனற்றவை. பிரசவத்தில் நீண்ட தலை சில நாட்களில் தானே சரியாகும், மூக்கு அப்பாவுடையதாக இருந்தால் அப்பாவுடையதாகத்தான் இருக்கும். உரம், அதாவது சுளுக்கு, எடுக்கிறேன் என்று காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதையும், துணியில் போட்டு உருட்டுவதையும் வீட்டு வாசலிலேயே தடுத்துவிடுங்கள். கழுத்து நிற்காத குழந்தையைக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

குற்றம் சொல்லிக்கொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். பாட்டி செய்வதில் எண்ணெய் தேய்ப்பது நல்ல காரியம், அதை விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் குழந்தையின் தோலுக்கு இதமானது. எடை குறைந்த குழந்தைகளுக்குக்கூட மருத்துவமனைகளில் தேய்க்கச் சொல்கிறார்கள். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் பிஞ்சுத் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பால் குடித்த உடனே தேய்க்காமல் ஒரு மணி நேரம் போகட்டும். கொடி விழும்வரை வயிற்றை விட்டுவிடுங்கள். மாவு பிசைவதுபோலப் பிசையாமல், தோலின்மேல் கை நழுவும் அளவுக்குத் தேய்த்தால் போதும். அளவு ஒரு டீஸ்பூன் தாண்ட வேண்டாம். சொட்டச் சொட்டத் தேய்த்த குழந்தை சோப்பும் பட்டுவிட்டால் மீன்குட்டிபோல நழுவும். தலையில் பொருக்கு இருந்தால் அதே எண்ணெயை ஊறவிட்டு மென்மையான சீப்பால் வாரிவிடுங்கள். நகத்தால் பிய்க்காதீர்கள்.

சோப்பு விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் சில வாரம் வெறும் நீரே போதும். பிறகு வாசனை குறைந்த, மென்மையான குழந்தைச் சோப்பை அக்குள், இடுப்பு போன்ற இடங்களுக்கு மட்டும் போட்டுக் கழுவிவிடுங்கள். துணி சோப்பு, பெரியவர்கள் சோப்பு வேண்டாம். பயத்தமாவையும் கடலைமாவையும் கொஞ்ச மாதங்கள் தள்ளிவையுங்கள். நமக்கு மிருதுவாகத் தெரியும் மாவு பச்சைத் தோலில் அரம்போல உராயும், மடிப்பில் தங்கிப் புளிக்கும். முடி உதிரட்டும் என்று நெற்றியிலும் முதுகிலும் மாவை வைத்து உருட்டித் தேய்த்து, தோல் சிவந்து புண்ணான குழந்தைகள் உண்டு. அந்தப் பூனைமுடி சில மாதங்களில் தானாக உதிரும். கண்ணுக்குள் மை தீட்டுவதும் வேண்டாம், கடை மையில் ஈயம் கலந்திருக்கலாம். திருஷ்டிக்கு வேண்டுமானால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், அது வாய்க்கும் கண்ணுக்கும் எட்டாத இடம்.

உங்கள் கணவர் வாங்கிய டப் வீண் இல்லை. உட்கார்ந்து எழுந்தால் தையல் இழுக்கிறது, முதுகு வலிக்கிறது என்னும் அம்மாக்களுக்கு, குறிப்பாகச் சிசேரியன் ஆனவர்களுக்கு, வேறொருவர் டப்பில் விட்டுக் குளிப்பாட்டுவது எளிது. டப்பைத் தரையில் வையுங்கள். மேசையிலோ கட்டிலிலோ வேண்டாம். அடியில் ஒரு துண்டை விரித்துவிட்டால் வழுக்காது. தண்ணீர் 5 சென்டிமீட்டர், உங்கள் மூன்று விரல் அகலத்துக்கு இருந்தால் போதும். இடது முன்கையில் கழுத்தும் தலையும் சாய்ந்திருக்க, அதே கையின் விரல்கள் குழந்தையின் மறுபக்கத்து மேற்கையைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடி கடைசிவரை தளரக்கூடாது. சோப்பும் சொம்பும் எல்லாம் வலக்கையின் வேலை.

காலில் போடுவதைவிட டப்பில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. காலில் ஊற்றும் நீர் வடிந்து போய்விடும், டப்பில் அது நிற்கும். ஒன்றிரண்டு அங்குல நீரில்கூடக் குழந்தை மூழ்கும். மூழ்கும்போது கத்தாது, தண்ணீரை அடிக்காது. கதவுக்கு வெளியே நிற்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. உட்கார வைக்கும் பிளாஸ்டிக் வளையங்களும் இருக்கைகளும் கடையில் விற்கின்றன. அவை பாதுகாப்புச் சாதனம் அல்ல, சரிந்து கவிழ்ந்துவிடும். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும். அழைப்புமணியில் யாரோ நிற்கிறார், அடுப்பில் பால் பொங்குகிறது என்றாலும், போயே ஆக வேண்டுமானால் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஐந்து வயது அக்காளிடம் ‘பாப்பாவைப் பார்த்துக்கொள்’ என்று சொல்லிவிட்டுப் போவது யாரும் பார்க்காமல் விடுவதற்குச் சமம். முடிந்ததும் டப்பையும் வாளியையும் உடனே கவிழ்த்துவிடுங்கள். இன்னும் எட்டு மாதத்தில் இவள் வாளியைப் பிடித்து எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்ப்பாள், தலை கனத்தில் குப்புற விழுவாள். இந்தப் பழக்கத்தை இப்போதே கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

குளிக்கும் நேரம்தான் குழந்தையின் உடம்பை முழுதாகப் பார்க்கும் நேரம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நெஞ்சைத் தாண்டி வயிறு, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறியிருக்கிறதா? தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து, நாற்றமோ சீழோ வருகிறதா? அக்குளிலோ தொடையிடுக்கிலோ சீழ்க் கொப்புளங்கள் உண்டா? குளித்துச் சுற்றிய பிறகும் கை, கால் மட்டுமல்லாமல் வயிறும் சில்லென்று இருக்கிறதா? வழக்கம்போலப் பால் தேடவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கொடி மூன்று வாரம் தாண்டியும் விழாவிட்டால் அதையும் காட்டுங்கள். தடுப்பூசி போட்ட நாளில் குளிப்பாட்டலாம், ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் விட்டால் போதும்.

எல்லாக் கவனத்தையும் மீறி வெந்நீர் பட்டுவிட்டால், நனைந்த துணியை உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டிப்போன துணியைப் பிய்க்காதீர்கள். சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டு, பட்ட இடத்தை மட்டும் 20 நிமிடம் காட்டுங்கள். உடம்பின் மற்ற பாகத்தைப் போர்த்தி வையுங்கள். ஐஸ், பற்பசை, மாவு, மை எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்திக்கொண்டு கிளம்புங்கள். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்; பச்சைக் குழந்தைக்குத் தீப்புண் சின்னதாக இருந்தாலும் சின்ன விஷயம் அல்ல.

கடைசியாகச் சாம்பிராணியும் பாட்டியும். புகை புகைதான். சாம்பிராணியானாலும் கொசுவர்த்தியானாலும் பிஞ்சு நுரையீரலுக்கு வேறுபாடு தெரியாது. கங்கு நிறைந்த கரண்டியைக் குழந்தைக்கு மேலே சுழற்றும்போது பொறி விழுந்து தூளி பற்றிய சம்பவமும் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னால் வீட்டில் சண்டை வரும், பிள்ளை பெற்ற உடம்போடு உங்களுக்கு அது தேவையில்லை. நான் என் சம்பந்தியம்மாளிடம் செய்ததைச் சொல்கிறேன். ‘அண்ணி, நீங்கள் எண்ணெய் தேய்த்து ஊற்றிவிடுங்கள், உங்கள் கை பட்டால்தான் பேரன் தூங்குகிறான். மூக்கில் மட்டும் விட வேண்டாம் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். சாம்பிராணியை நான் பின்கட்டில் துணிக்குக் காட்டிவிடுகிறேன்’ என்றேன். பழியை டாக்டர் தலையில் போட்டாயிற்று. குளிப்பாட்டும் நேரம் முழுக்கத் துண்டை விரித்துப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் பழக்கத்தில் எண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டு மூக்குப் பக்கம் கொண்டுபோனார். நான் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், அந்த எண்ணெயைக் குழந்தையின் உள்ளங்காலில் தேய்த்துவிட்டார்.